பிக்கப்பை அளப்பது எப்படி? ஸ்போர்ட்டி செடான், கூபேக்களை நேர்கோட்டில் ஒப்பிட முழு வழிகாட்டி

பி.எம்.டபிள்யூ எம்340ஐ, ஆடி எஸ்5 ஸ்போர்ட்பேக், மெர்சிடிஸ்-ஏ.எம்.ஜி சி 43. இந்தியச் சந்தையில் ஒன்றுக்கொன்று போட்டியாக வந்த இந்த மூன்றின் விவரத்தாள்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். டார்க், அதாவது எஞ்சினின் முறுக்கு விசை, மூன்றுக்கும் ஒரே எண்தான், 500 நியூட்டன் மீட்டர். நான்கு சக்கரங்களுக்கும் இழுவை போவதும் மூன்றிலும் பொது. பவர் மட்டும் மாறுகிறது: ஆடிக்கு 354 பி.எஸ். (குதிரைத்திறன் அலகு), பி.எம்.டபிள்யூவுக்கு 374, ஏ.எம்.ஜி.க்கு 408. அப்படியானால் 100 கி.மீ. வேகத்தை முதலில் தொடுவது ஏ.எம்.ஜி.யாகத்தானே இருக்க வேண்டும்? கம்பெனிகளே சொல்லும் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. பி.எம்.டபிள்யூ 4.4 விநாடி, ஏ.எம்.ஜி. 4.6, ஆடி 4.8.

கார் பிரியர்களின் சண்டையில் முக்கால்வாசி இங்கேதான் ஆரம்பிக்கும். ஒருவர் பவரைக் காட்டுவார், இன்னொருவர் 0–100 நேரத்தைக் காட்டுவார், மூன்றாமவர் ஏதோ ஒரு டிராக் ரேஸ் (நேர்கோட்டில் கார்கள் மோதும் பந்தயம்) வீடியோவைக் கொண்டு வருவார். மூவர் பேசுவதும் மூன்று வேறு விஷயங்கள். 0–100 என்ற ஒற்றை எண்ணுக்குள் வண்டி கிளம்பும் திறமையும், கிளம்பிய பிறகு இழுக்கும் திறமையும் கலந்து கிடக்கின்றன. இரண்டையும் பிரித்து அளக்காதவரை எது வேகமான வண்டி என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்காது. அதைப் பிரித்து அளக்கும் வழிதான் இந்தக் கட்டுரை. கோடி ரூபாய் கார் வேண்டுமென்பதில்லை, ஹூண்டாய் வெர்னா டர்போவும் ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜி.டி.யும் வைத்திருக்கும் இரண்டு நண்பர்களுக்கும் முறை இதேதான்.

படி 1: எதை அளக்கப் போகிறோம்?

ஒரே ஓட்டத்தில் இந்த எண்களைப் பிடித்துவிடலாம்: முதல் 60 அடிக்கு (18.3 மீட்டர்) ஆன நேரம், 0–100, 100–150, கால் மைல் நேரம், அந்தக் கோட்டைக் கடக்கும்போது இருந்த வேகம். கால் மைல் என்பது 402 மீட்டர். கடைசியில் சொன்ன வேகத்தை ட்ராப் ஸ்பீடு என்பார்கள். தனியாக இன்னொரு ஓட்டத்தில் 80–120 எடுங்கள். நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டுவதற்கு உதவும் எண் அதுதான்.

60 அடி நேரம் வண்டி எப்படிக் கிளம்புகிறது என்பதை மட்டும் சொல்லும். டயர் பிடிப்பு, எத்தனை சக்கரங்களுக்கு இழுவை, கியர்பாக்ஸ், ஓட்டுபவரின் கால் எல்லாம் அதற்குள் அடக்கம். ட்ராப் ஸ்பீடு நேர் எதிர். கிளம்பும்போது சக்கரம் சற்றே சுழன்று நேரம் வீணானாலும் கோட்டைக் கடக்கும் வேகம் பெரிதாக மாறாது. எடைக்கு எவ்வளவு பவர் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு நல்ல உதாரணம் பி.எம்.டபிள்யூ குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. எம்2 கூபே, இப்போதைய ஆட்டோமேட்டிக் வடிவில், 480 பி.எஸ்., 600 நியூட்டன் மீட்டர். பின்சக்கர இழுவை மட்டும். 0–100 நேரம் 4.0 விநாடி. நான்கு சக்கர இழுவை கொண்ட எம்340ஐயைவிட 28 சதவீதம் பவர் கூடுதல், ஆனால் மிச்சமானது 0.4 விநாடிதான், ஒன்பது சதவீதம். மீதிப் பவர் எங்கே போனது? எங்கும் போகவில்லை. முதல் கியரில் பின் டயர் இரண்டும் தாங்கும் அளவுக்கு மேல் எஞ்சினை அவிழ்த்துவிட முடியாது, அவ்வளவுதான். 100-ஐத் தாண்டியதும் அந்தக் கட்டு விலகிவிடும். அதன் பிறகு எம்2வின் பின்விளக்கைத்தான் எம்340ஐக்காரர் பார்த்துக்கொண்டு போவார். 0–100 மட்டும் படித்தவருக்கு இது தெரியவே தெரியாது.

இன்னொரு பொறி, அமெரிக்கக் கணக்கு. அங்கே 0–60 மைல், அதாவது 96.6 கி.மீ. வரைதான் அளப்பார்கள். எம்340ஐ எக்ஸ்டிரைவுக்கு (நான்கு சக்கர இழுவைக்கு பி.எம்.டபிள்யூ வைத்த பெயர் அது) அங்கே 4.1 விநாடி என்பார்கள், இங்கே 4.4. வண்டி ஒன்றேதான். சில கார்களில் 97க்கும் 100க்கும் நடுவில் ஒரு கியர் மாற்றம் வந்து விழும். அப்போது இந்த இடைவெளி இன்னும் கூடும். ஆகவே ஒரு காரின் அமெரிக்க எண்ணையும் மற்றொன்றின் ஐரோப்பிய எண்ணையும் ஒன்றாக வைக்காதீர்கள். பவரிலும் இதே குழப்பம் உண்டு. 408 பி.எஸ். என்பதும் 402 எச்.பி. என்பதும் ஒரே சி 43தான்.

படி 2: இடம்

ஈ.சி.ஆர். வேண்டாம், ஓ.எம்.ஆர். வேண்டாம், விடியற்காலை நாலு மணியானாலும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு, அரசின் எழுத்துபூர்வ அனுமதியில்லாமல் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவதைக் குற்றம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஓராண்டு வரை போகலாம். கவனியுங்கள், பந்தயம் மட்டுமல்ல, வேகச் சோதனையும் அதே பிரிவுக்குள்தான் வருகிறது.

இன்ஷூரன்ஸ் பத்திரத்தையும் ஒரு தடவை எடுத்துப் படியுங்கள். பயன்பாட்டுக்கான வரம்புகள் என்ற பகுதியில், பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் இந்தப் பாலிசி செல்லாது என்று இருக்கும். பந்தயத் தடத்தில் சட்டப்படி ஓட்டினாலும் அங்கே ஏற்படும் சேதம் உங்கள் கைக்காசுதான். இதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

அப்புறம் எங்கே போவது? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் இருக்கிறது, அங்கே டிராக் பந்தயங்களும் நடந்திருக்கின்றன. அதற்கு முன் பல பத்தாண்டுகள் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில்தான் அந்த கிளப் பந்தயம் நடத்தியது. லோனாவாலா அருகே ஆம்பி வேலி ஓடுதளத்தில் நடக்கும் டிராக் நிகழ்ச்சிக்குத் தென்னிந்தியாவிலிருந்தும் வண்டிகள் போகின்றன. இந்தூர் பக்கம் பீதம்பூரில் 11.3 கி.மீ. நீள அதிவேகத் தடத்தோடு நாட்ராக்ஸ் சோதனை மையம் இருக்கிறது. நண்பர்கள் சேர்ந்து ஏதாவது ஒரு தடத்தை அரை நாள் வாடகைக்கு எடுப்பது, ஒரு விபத்துக்கு ஆகும் செலவைவிட மலிவு.

எவ்வளவு நீளம் தேவை என்று கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். 4.4 விநாடியில் 100 தொடும் கார் அதற்குள் ஏறக்குறைய 70 மீட்டர் ஓடியிருக்கும். கால் மைலுக்கு 402 மீட்டர். அதன் பிறகு 175 கி.மீ. வேகத்திலிருந்து நிதானமாக நிறுத்த இன்னொரு 300 மீட்டராவது கையில் இருக்க வேண்டும். 100–200 எடுப்பதாக இருந்தால் இந்த ரகக் கார்களுக்கு அதற்கு மட்டுமே 450 மீட்டர் போகும். பிரேக் தூரமும் சேர்த்தால் ஒரு கிலோமீட்டருக்குக் குறைந்த நேர்ச்சாலையில் அதை நினைக்கவே கூடாது.

படி 3: எடை மேடை

இதை யாரும் செய்வதில்லை. செய்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். பிரசுரத்தில் போட்டிருக்கும் எடையை நம்பி ஒப்பிடாதீர்கள், ஏனென்றால் அளவுமுறை ஒன்றல்ல. ஐரோப்பிய ஒன்றிய முறைப்படி சொல்லும் எடையில் ஓட்டுநருக்கென்று 75 கிலோ சேர்ந்திருக்கும். பழைய ஜெர்மன் டி.ஐ.என். தர முறையில் ஓட்டுநர் கிடையாது. ஒரே காருக்கு இரண்டு எண்கள் உலவுவது இதனால்தான். போதாததற்கு சன்ரூஃப், பெரிய சக்கரம் என்று உங்கள் வண்டியில் இருக்கும் ஆப்ஷன்களும் எடை கூட்டியிருக்கும்.

நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்கான கணினி எடை மேடை இருக்கும். சின்னக் கட்டணம் கொடுத்து இரண்டு கார்களையும் ஏற்றுங்கள். ஓட்டப்போகிறவர் உள்ளேயே உட்கார்ந்திருக்கட்டும், டேங்க்கில் சோதனைக்கு வைத்திருக்கப்போகும் அளவு பெட்ரோலே இருக்கட்டும், டிக்கியில் கிடக்கும் சாமான்களை இறக்கிவிடுங்கள். மேடை பெரும்பாலும் 5 அல்லது 10 கிலோ படிகளில்தான் காட்டும். நமக்கு அது போதும். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், கடைசிக் கணக்குக்கு வேண்டும்.

ஒரு ஆள் கூடுதலாக ஏறினால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு: 1,800 கிலோ வண்டியில் 75 கிலோ என்பது நான்கு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். கால் மைலில் ஏறக்குறைய 0.18 விநாடி போய்விடும், ட்ராப் ஸ்பீடில் இரண்டு கி.மீ.க்கு மேல் குறையும். எம்340ஐக்கும் சி 43க்கும் கம்பெனி சொல்லும் வித்தியாசமே 0.2 விநாடிதான் என்பதை நினைவில் வையுங்கள். வீடியோ எடுக்க ஒருவரை ஒரு காரில் மட்டும் ஏற்றிவிட்டு ஒப்பிடுவது எவ்வளவு அபத்தம் என்று புரியும்.

படி 4: கருவி

ஸ்பீடோமீட்டரைப் படம்பிடித்து எடுக்கும் 0–100 வீடியோக்களை மறந்துவிடுங்கள். பல நாடுகளில் பின்பற்றப்படும் விதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, கூட்டிக் காட்டலாம். பத்து சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை கூட்டிக் காட்ட அனுமதி உண்டு. முள் 100-ஐத் தொடும்போது பல வண்டிகளின் உண்மை வேகம் 96, 97தான். எந்தக் காரின் மீட்டர் அதிகம் பொய் சொல்கிறதோ அது வீடியோவில் ஜெயிக்கும்.

ஃபோனில் இருக்கும் ஜி.பி.எஸ். பெரும்பாலும் விநாடிக்கு ஒரு தடவைதான் இடத்தைப் புதுப்பிக்கும். நாலரை விநாடி ஓட்டத்தில் அது நான்கே நான்கு புள்ளிகள். தனிக் கருவி வேண்டும். டிராகி என்ற சின்னப் பெட்டி ஆர்வலர்களிடம் பரவலாக இருக்கிறது. அதன் முதல் வடிவம் விநாடிக்கு 10 முறை அளக்கும், பின்னால் வந்தது 25 முறை. ரேஸ்லாஜிக் கம்பெனியின் வி-பாக்ஸ் விலை அதிகம். பத்திரிகைகள் நம்பிப் பயன்படுத்துவது அது. எதுவாக இருந்தாலும் இரண்டு காருக்கும் ஒரே பெட்டி, கண்ணாடி ஓரத்தில் வானம் தெரியும்படி ஒரே இடம். சில கார்களின் முன்கண்ணாடியில் வெப்பம் தடுக்கும் உலோகப் பூச்சு இருக்கும், அது சிக்னலைக் குறைக்கும். கருவி எத்தனை செயற்கைக்கோள் பிடித்திருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து, ரோல்-அவுட். கருவியின் அமைப்பில் இதற்கென்று ஒரு தேர்வு இருக்கும். அமெரிக்க டிராக் ஸ்டிரிப்பில் முன்சக்கரம் ஒளிக்கற்றையை விட்டு விலகிய பிறகுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், அதற்குள் வண்டி சுமார் ஓர் அடி நகர்ந்திருக்கும். அந்த ஓர் அடியை இலவசமாகக் கொடுப்பதுதான் ரோல்-அவுட். சுமாராக 0.25 முதல் 0.35 விநாடி வரை மிச்சமாகும். வேடிக்கை என்னவென்றால், மெதுவாகக் கிளம்பும் காருக்குத்தான் இதில் லாபம் அதிகம். 0.9 ஜி-யில் (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) பாயும் கார் அந்த ஓர் அடியை 0.26 விநாடியில் கடக்கும், 0.5 ஜி-யில் நகரும் காருக்கு 0.35 விநாடி ஆகும். அந்த நேரம் முழுக்கக் கழிந்துவிடுவதால் நான்கு சக்கர இழுவைக் கார் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த முன்னிலையில் ஒரு துண்டு காணாமல் போகும். என் கட்சி, ரோல்-அவுட்டை அணைத்துவிட வேண்டும் என்பது. அமெரிக்க எண்களோடு ஒப்பிட வேண்டியிருந்தால் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், போட்டிருப்பதையும் எழுதிவிடுங்கள்.

படி 5: பெட்ரோல், டயர், சூடு

இரண்டு காருக்கும் ஒரே பங்க்கில் ஒரே பெட்ரோல். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் இந்த டர்போ எஞ்சின்கள், குறைந்த ஆக்டேன் பெட்ரோலில் நாக்கிங் (பெட்ரோல் தானாகவே வெடித்துத் தட்டுவது) வராமல் இருக்கத் தாங்களாகவே தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளிக்கொள்ளும், பவர் குறையும். 95 ஆக்டேன் அல்லது அதற்கு மேல் போடுங்கள், முந்தைய பெட்ரோல் தீரும்வரை ஓட்டிவிட்டுப் போடுங்கள்.

டயரில் காற்றைக் காலையில் வண்டி ஆறியிருக்கும்போது கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ளபடி பிடியுங்கள். பிராண்டு, தேய்மானம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு காரில் புது மிஷலின், மற்றதில் நாலு வருஷத்து ரன்-ஃபிளாட் (காற்று இறங்கினாலும் ஓடும் டயர்) என்றால் நீங்கள் ஒப்பிடுவது டயரை.

காற்றின் அடர்த்தியைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். கடல் மட்டத்தில் 35 டிகிரி சென்னையோடு ஒப்பிட்டால், 900 மீட்டர் உயரத்தில் 25 டிகிரி பெங்களூருவில் காற்று இன்னும் 7 சதவீதம் போல மெலிந்திருக்கும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு, உதாரணமாக 2016-ல் இங்கே வந்த மஸ்டாங் ஜி.டி.யின் 5 லிட்டர் வி8-க்கு, ஏறக்குறைய அதே அளவு பவர் போய்விடும். டர்போ கார்கள் டர்பைனை வேகமாகச் சுழற்றிப் பெருமளவு ஈடுகட்டிவிடும். ஆனால் டர்போவுக்கு வேறு எதிரி இருக்கிறது, உள்ளே போகும் காற்றின் சூடு. சித்திரை வெயிலில் நாலைந்து முறை அடுத்தடுத்து அழுத்தினால் இன்டர்கூலர் (அழுத்திய காற்றை ஆற்றும் பகுதி) சூடேறி, கணினி டர்போ தரும் அழுத்தத்தைக் குறைத்துவிடும். எம்340ஐயின் பி58 எஞ்சினில் இன்டர்கூலர் நீரால் குளிர்வது, எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இப்படிப்பட்டவை முதல் சில ஓட்டங்களில் நன்றாகத் தாங்கும், அந்த நீர் ஒரு தடவை சூடேறிவிட்டால் ஆற நேரம் எடுக்கும். எனவே ஒரே நாள், ஒரே இடம், காலை ஆறு மணிக்கு ஆரம்பம், ஓட்டங்களுக்கு நடுவே மெதுவாக ஒரு சுற்று ஓட்டி ஆறவிடுதல். வேறு வேறு ஊரில், வேறு வேறு மாதத்தில் எடுத்த எண்களை ஒப்பிடுவது பொழுதுபோக்கு மட்டுமே.

படி 6: லாஞ்ச்

நின்ற இடத்திலிருந்து வண்டியை முழு வேகத்தில் பாய வைக்கும் வசதிதான் லாஞ்ச் கன்ட்ரோல். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு சடங்கு வைத்திருக்கிறது. பி.எம்.டபிள்யூவில் எப்படி என்று பார்க்கலாம். முதலில் குறைந்தது 10 கி.மீ. இடைவிடாமல் ஓட்டி எஞ்சினைச் சூடாக்க வேண்டும். ஸ்போர்ட் பிளஸ் போட்டு, கியரை எஸ் பக்கம் தள்ளி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, இடது காலால் பிரேக்கை உறுதியாக மிதித்துக்கொண்டு வலது காலால் ஆக்சிலரேட்டரைக் கிக்-டவுன் (மிதியின் கடைசியில் தட்டுப்படும் இடம்) தாண்டி அழுத்துங்கள். மீட்டரில் சின்னக் கொடி ஒன்று தோன்றும். மூன்று விநாடிக்குள் பிரேக்கை விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு கால் அசையக் கூடாது, கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். மறுபடி லாஞ்ச் கொடுக்க கியர்பாக்ஸ் ஆற ஐந்து நிமிடம் போலக் காத்திருக்கச் சொல்லும் கையேடு. புது வண்டி, ரன்னிங்-இன் முடியாதது என்றால் இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

சி 43-ல் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் இல்லை, அந்த இடத்தில் எண்ணெயில் நனைந்த கிளட்ச் இருக்கிறது. எம்340ஐயில் இருப்பது இசட்.எஃப். கம்பெனியின் எட்டு கியர் பெட்டி, வழக்கமான டார்க் கன்வெர்ட்டரோடு. கன்வெர்ட்டர், வண்டி நகர ஆரம்பிக்கும் அந்தக் கணத்தில் டார்க்கைப் பெருக்கித் தரும். ஏ.எம்.ஜி.க்கு 34 பி.எஸ். கூடுதலாக இருந்தும் பி.எம்.டபிள்யூ எப்படி முந்துகிறது என்ற புதிருக்கான விடையில் இது ஒரு பங்கு, எடை ஒரு பங்கு. மூன்றாவது பங்கைப் படி 8-ல் பார்க்கலாம்.

விர்டஸ் ஜி.டி. வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் டி.எஸ்.ஜி. (இரட்டை கிளட்ச் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) உலர் கிளட்ச் ரகம். பிரேக்கைப் பிடித்து ஆக்சிலரேட்டரை முறுக்கி நிற்க வைப்பதைத் திரும்பத் திரும்பச் செய்தால் கிளட்ச் சூடாகி எச்சரிக்கை விளக்கு எரியும், செலவும் வரும். முன்சக்கர இழுவை வண்டியில் முழு ஆக்சிலரேட்டரில் பாய்வதால் பெரிய லாபமும் இல்லை. பாய்ச்சலில் முன்பக்கம் எடை குறைந்து சக்கரம் சுழலும். பாதி ஆக்சிலரேட்டரில் நகர்த்தி, பிடிப்பு கிடைத்ததும் முழுதாக மிதிப்பதுதான் பெரும்பாலும் நல்ல 60 அடி நேரம் தரும்.

படி 7: ஓடிக்கொண்டே அழுத்துதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். 70 கி.மீ.யில் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரே மிதி. கருவி 80–120, 100–150 இரண்டையும் பிடித்துக்கொள்ளும். டயர் பிடிப்பு, லாஞ்ச் சடங்கு, ரோல்-அவுட் என்று எந்தச் சாக்குக்கும் இதில் இடமில்லை.

ஆட்டோமேட்டிக்கை டி-யில் விட்டு ஒரு முறை, சரியான கியரை முன்கூட்டியே கையால் போட்டு ஒரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், கியர்பாக்ஸ் முடிவெடுக்க எடுத்துக்கொள்ளும் நேரம். அன்றாடம் ஓட்டும்போது நீங்கள் உணரும் சோம்பல் அதுதான், எந்த விவரத்தாளிலும் இருக்காது.

சாய்வும் காற்றும் இந்தச் சோதனையைத்தான் அதிகம் கெடுக்கும். ஒரு சதவீதச் சரிவு கண்ணுக்கே தெரியாது, 70 மீட்டருக்கு 70 சென்டிமீட்டர் இறக்கம். 0–100-ல் அது 0.07 விநாடி சலுகை. ஆனால் 100–200-க்கு 10 விநாடி எடுக்கும் காருக்கு அதே சரிவு 0.3 விநாடிக்கு மேல் கொடுத்துவிடும். 150-ல் போகும்போது 15 கி.மீ. எதிர்க்காற்று அடித்தால் காற்றின் தடை 21 சதவீதம் கூடும். மருந்து ஒன்றுதான்: போகும் திசையில் ஒன்று, வரும் திசையில் ஒன்று, இரண்டுக்கும் சராசரி.

வரிசையும் முக்கியம். ஒரு காரை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால் இரண்டாவது காருக்கு வெயில் ஏறியிருக்கும். முதல் கார், இரண்டாவது, இரண்டாவது, முதல் கார் என்று மாற்றி மாற்றி விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் திசைக்கு மூன்று ஓட்டமாவது வேண்டும். ஓட்டுபவர் ஒருவரே.

படி 8: எண்களைப் படித்தல்

அமெரிக்க டிராக் வட்டாரத்தில் பல காலமாகப் புழங்கும் ஒரு கணக்கை நம் அலகுகளுக்கு மாற்றித் தருகிறேன். கால் மைல் முடிவில் இருந்த வேகத்தை (கி.மீ.யில்) 288-ஆல் வகுங்கள். வந்த எண்ணின் கனத்தை எடுங்கள், அதாவது அதே எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்குங்கள். அதை எடை மேடை ரசீதில் உள்ள கிலோவால் பெருக்குங்கள். வருவது தோராயமாக பி.எஸ்.

கற்பனையாக இரண்டு கார்கள், இரண்டும் 1,800 கிலோ. முதலாவது 60 அடியை 1.85 விநாடியிலும் கால் மைலை 12.7 விநாடியிலும், 176 கி.மீ. வேகத்தில் கடக்கிறது. இரண்டாவது 60 அடிக்கு 2.05, கால் மைலுக்கு அதே 12.7, வேகம் மட்டும் 181. பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் டிரா. கணக்குப் போட்டால் முதலாவதுக்கு 411 பி.எஸ்., இரண்டாவதுக்கு 447. முதல் கார் நன்றாகக் கிளம்புகிறது, இரண்டாவது நன்றாக இழுக்கிறது. கால் மைல் கோடு இன்னும் 200 மீட்டர் தள்ளியிருந்தால் இரண்டாவது ஜெயித்திருக்கும். சிக்னலிலிருந்து சிக்னலுக்கு ஓட்டுபவருக்கு முதலாவது, நெடுஞ்சாலைக்காரருக்கு இரண்டாவது.

இந்தச் சூத்திரம் தரும் பி.எஸ். எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். நான்கு சக்கர இழுவையும் நொடியில் மாறும் கியர்பாக்ஸும் கொண்ட இன்றைய கார்களுக்கு அது கூட்டியே சொல்லும். இரண்டு கார்களுக்கும் நடுவே உள்ள விகிதத்தைத்தான் நம்பலாம். அதில் கனம் இருப்பதால் சின்ன வேக வித்தியாசமும் பெரிய விஷயம். 170-ல் மூன்று கி.மீ. கூட வந்தால் எடைக்கான பவர் ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடுதல் என்று பொருள்.

விளம்பர பவர் உண்மையா என்பதும் இங்கேதான் தெரியும். பி58 எஞ்சின் கம்பெனி சொன்னதைவிடத் தாராளமாகத் தருகிறது என்பது டைனோவில் (பவரை அளக்கும் உருளை மேடை) ஏற்றிப் பார்த்தவர்கள் பல நாடுகளிலும் சொல்லிவருவது. புதிரின் மூன்றாவது பங்கு இது. செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பொருத்தப்பட்டு வரும் எம்340ஐ, காகிதத்தில் தன்னைவிட பலமான கார்களோடு மல்லுக்கு நிற்பதில் மர்மம் ஒன்றும் இல்லை.

மின்சாரக் காரை இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் கவனமாக இருங்கள். பி.ஒய்.டி. சீல் பெர்ஃபார்மன்ஸ் 530 பி.எஸ்., 0–100 நேரம் 3.8 விநாடி. மேலே சொன்ன அத்தனை காரையும் கிளம்புகையில் அடித்துவிடும். ஆனால் எடை 2,185 கிலோ, உச்ச வேகம் 180-ல் கட்டுப்படுத்தப்பட்டது. ஓட்டுநரின் 75 கிலோவையும் சேர்த்தால், நம் கணக்குப்படி கால் மைல் முடிவிலேயே அது 178-ஐ ஒட்டி வந்துவிடும், 100–200 சோதனையை முடிக்கவே முடியாது. பேட்டரி நிறைய இருக்கும்போது ஒரு எண், பாதியில் இன்னொரு எண் என்றும் வரலாம். எத்தனை சதவீதத்தில் அளந்தீர்கள் என்பதை எழுதாத மின்சாரக் கார் எண்ணை நான் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரே காரின் ஓட்டங்களுக்குள்ளேயே 0.15 விநாடி ஏறி இறங்கினால், இரண்டு கார்களுக்கு நடுவே 0.1 விநாடி வித்தியாசம் என்று தீர்ப்பு எழுதாதீர்கள். அது சமம். சிறந்த ஓட்டத்தையும் நடு ஓட்டத்தையும் இரண்டையும் பாருங்கள். சிறந்தது மட்டும் நன்றாக இருந்து நடு ஓட்டம் சொதப்பினால், அந்தக் கார் பதிவேட்டுக்கு நல்லது, சாலையில் நம்ப முடியாது.

படி 9: வெளியே சொல்லும்போது

முடிவை நண்பர்களிடம் காட்டும்போது எடை, பெட்ரோல், டயர், வெப்பநிலை, ஊர், ரோல்-அவுட் உண்டா இல்லையா, எத்தனை ஓட்டத்தின் சராசரி, லாஞ்ச் கன்ட்ரோலா வெறும் காலா என்பதையும் எண்ணோடு சேர்த்தே போடுங்கள். கருவி தரும் ஓட்ட வரைபடத்தின் படத்தையும் இணையுங்கள், சரிவு எத்தனை என்று அதிலேயே இருக்கும். டிராகி ஒரு சதவீதத்துக்கு மேல் இறக்கமான ஓட்டத்தைச் செல்லாது என்று தானே குறித்துவிடும். அப்படிக் குறித்ததைக் காட்டி யாராவது சவால் விட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்குக் கிளம்பும் முன் சக்கர போல்ட்டுகளையும் எஞ்சின் ஆயிலையும் ஒரு பார்வை பாருங்கள், டயரில் காற்றை மறுபடி சரி செய்யுங்கள், பிரேக் ஆற ஐந்தாறு கிலோமீட்டர் மெதுவாகவே ஓட்டுங்கள். ஹேண்ட் பிரேக்கைச் சூட்டோடு இழுத்து நிறுத்த வேண்டாம்.